ஆணியில் தொங்கிய முடிச்சு

'ஆணி காலி' என்ற ஒரே வரியோடு போன வாரம் நான் பாட்டுக்கு நழுவிவிட்டேன். வாசகர்களில் பாதிப் பேர் மாஸ்டரைத் திட்டியும் மீதிப் பேர் என்னைத் திட்டியும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கீழே சோபா பழுது பார்க்கும் பட்டறை, மாடியில் குடித்தனம். மாஸ்டர் மரச்சட்டம், ஸ்பிரிங், ஸ்பான்ஜ் வேலைகளைப் பார்ப்பார். அவர் மனைவி உறை தைப்பாள். நூல் கோத்த ஊசி ஒன்று எந்நேரமும் அவள் தோள் துணியில் குத்தியிருக்கும் என்பதால் ஊசி என்றே பெயர் விழுந்துவிட்டது. பேச்சுக்கும் அந்தப் பெயர் பொருத்தம்தான். அவள் தம்பி குருவி, பழைய உறையைப் பிரிப்பது, தூக்குவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மற்ற வேலைகளையெல்லாம் செய்கிறவன்.

பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்குக்கு வெள்ளையடிக்கிற சாக்கில், வரவேற்பறை சோபாவையும் புதுப்பிக்க அனுப்பியிருந்தார். குருவி பிரித்தபோது, முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து பேனாக்கள், ஹேர்பின்கள், யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல், அப்புறம் ஒரு தங்கக் கைச்சங்கிலி வந்தன. சங்கிலியின் கொக்கி உடைந்து, நீல நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

இந்தப் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சோபாவுக்குள் எது கிடைத்தாலும், அந்தச் சோபாவின் பழைய உறையிலேயே ஒரு துண்டு கிழித்து முடிச்சாகக் கட்டி, கைச்சட்டத்தின் உள்பக்கத்தில் இருக்கும் ஆணியில் தொங்கவிடுவார்கள். எது எந்தச் சோபாவுடையது என்ற குழப்பமே வராது. தங்கமாயிற்றே என்று ஊசி தயங்கியபோதும், "வழக்கத்தை மாத்தாதே, டாக்டர்கிட்ட போன்ல சொல்லிடலாம்" என்றார் மாஸ்டர். குருவி கட்டித் தொங்கவிட்டான். டாக்டர் போனை எடுக்கவேயில்லை.

மறுநாள் சாயங்காலம், வேலை முடிந்து சோபா பளபளவென்று நின்றபோதுதான் ஊசிக்கு முடிச்சு ஞாபகம் வந்தது. சட்டத்தின் அடியில் கையை விட்டுத் தடவினாள். ஆணி மட்டும்தான் இருந்தது.

அதற்கடுத்த காலை இது.

மாஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஊசி பதிலுக்குக் கத்தி அத்தோடு தீர்த்திருப்பாள். அவர் மேசை டிராயரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த டிராயரில் ஆணியும் சாக்கட்டியும் தவிர வேறெதுவும் கிடையாது. அதை இதுவரை யாரும் பூட்டியதும் கிடையாது.

"தம்பி, நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தீங்க?" என்று குருவியைக் கேட்டார்.

ஊசிக்குச் சுருக்கென்றது. குருவி வந்த நாளிலிருந்து அவனை 'மாப்ளே' என்றோ 'டேய்' என்றோதான் மாஸ்டர் கூப்பிடுவார். திடீரென்று இந்த மரியாதை வந்தது நல்லதுக்கு இல்லை.

"சும்மா நடந்தேன் மாமா."

"சும்மான்னா?"

"சும்மாதான்."

மாஸ்டரின் பார்வை கீழே இறங்கி அவன் காலில் நின்றது. "ஷூ புதுசா?"

"ஆமா. சம்பளத்துல வாங்கினது. நீங்க கொடுத்ததுதானே."

பதிலில் தப்பில்லை. ஆனால் சொன்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். அதை மாஸ்டரும் பார்த்தார், ஊசியும் பார்த்தாள்.

குருவிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இதற்கு முன் ஒரு கடிகாரக் கடையில் வேலை பார்த்தான். ஒருநாள் அங்கே ஒரு கடிகாரம் காணாமல் போனது. அவன் எடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை, கடைசியாகச் சேர்ந்தவன் என்பதற்காக அனுப்பிவிட்டார்கள். அவனை இங்கே சேர்க்கும்போது மாஸ்டர் தயங்கத்தான் செய்தார். "என் தம்பிக்கு நான் பொறுப்பு" என்று ஊசி வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை மாஸ்டரும் மறந்திருக்கமாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறை போன் அடித்தது. ஊசி எடுத்தாள். ஓர் ஆண் குரல், கரகரவென்று.

"பல் டாக்டர் சோபா உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா, நீங்க யாரு?"

"அதுக்குள்ள ஏதாவது கிடைச்சுதா?"

"நீங்க என்ன தொலைச்சீங்க?"

லைன் துண்டிக்கப்பட்டது.

"யாரு?" என்றார் மாஸ்டர். ஊசி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை மறுபடியும் குருவியிடம் போய்விட்டது. "உள்ளே இருந்தது வெளியில இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருந்தாத்தானே தெரியும்?"

குருவி, வேன் கழுவ வேண்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அவன் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஸ்கூட்டர் வந்து நின்றது. மாஸ்டரின் அக்கா. வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் படித்து மண்டையில் ஏற்றிக்கொள்வதால், வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"என்ன, எல்லாரும் துக்க வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னார்கள். ஹெல்மெட்டோடு கேட்டாள். பிறகு ஊசியைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், வெளியே வேன் கழுவுகிறவனைப் பார்த்தாள். இந்த மூன்று பேரில் யாரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"டாக்டர் எப்ப வர்றாரு?"

"மத்தியானம்" என்றார் மாஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். டாக்டருக்கு இப்படி ஒரு பொருள் இருந்ததே தெரியாது. யாரும் கேக்கல. காணோம்னு நாமளே போய் எதுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்? சோபாவை ஏத்தி அனுப்பிட்டாப் போச்சு."

"கேப்படா, நல்லாக் கேப்ப." வக்கீலம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கிடக்கிறதைப் பார்த்துட்டுத் தொடாமப் போயிருந்தேன்னு வை, உனக்கு ஒரு தலைவலியும் இல்ல. கையில எடுத்துட்டல்ல? எடுத்த நிமிஷத்துலேர்ந்து அது உன் பொறுப்பு. உன் பொருளைப் பார்த்துக்கிற மாதிரி பார்த்துக்கணும். யாருதுன்னு முயற்சி எடுத்துத் தேடணும். அதை விட்டுட்டு, கேட்டா பாத்துக்கலாம்னு கமுக்கமா உட்கார்ந்தா அதுக்கு சட்டத்துல வேற பேரு."

"நான் எடுத்து வச்சுக்கலையே!"

"நீ எடுக்கல. இந்த வீட்டுல யாரோ எடுத்திருக்காங்க. அது தெரிஞ்சே சோபாவை ஏத்தி அனுப்பினா நீயும் கூட்டு."

"அந்தக் கொக்கியைப் பார்த்தீங்களா அண்ணி?" என்று ஊசி இடையில் சொன்னாள். "யாரோ ஒருத்தி, உடைஞ்சு போச்சேன்னு கழட்டி வைக்க மனசில்லாம நூலைக் கட்டிக் கையிலயே போட்டிருந்திருக்கா. தினமும் தேடிக்கிட்டிருப்பா. டாக்டர்கிட்ட சொல்லத்தான் வேணும்."

மாஸ்டர் அவளை நேராகப் பார்த்தார். "சொல்லலாம். சொன்னா முதல் கேள்வி என்ன வரும்? யாரு எடுத்தான்னு வரும். உனக்குச் சம்மதம்தானே?"

ஊசியின் வாயை இதைவிடச் சுருக்கமாக யாரும் அடைத்ததில்லை.

"டாக்டர் வர்றதுக்குள்ள அது ஆணிக்குத் திரும்பி வந்தா சரி" என்றார் அவர். "இல்லன்னா உன் தம்பி வேற இடம் பார்த்துக்கட்டும். நான் போலீசுக்கெல்லாம் போகல. உனக்காக."

உனக்காக என்ற அந்தச் சொல்தான் அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வக்கீலம்மா ஆபீசுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள், வாசல் வரை போனாள், பிறகு திரும்பி வந்து அரை நாள் லீவு சொல்லிவிட்டாள். இந்த மாதிரி ஒரு நாளைத் தவறவிட அவளுக்கு மனசு வரவில்லை.

ஊசி மாடிக்கு ஏறினாள். தண்ணீர் குடிக்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடிக்கவில்லை.

குருவியின் அறை என்பது சாமான் அறைதான். ஒரு கட்டில், ஜன்னல், கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் அவன் பை. கீழே வேன் மீது தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருக்கிறவரை பயமில்லை.

'எடுத்திருக்கமாட்டான். பார்த்துட்டா நிம்மதியா அவரு முகத்துக்கு நேரா நிக்கலாம்' என்று அவள் மனசு பூசி மெழுகியது. கை அதற்குள் பையை இறக்கிவிட்டது. ஜிப்பின் ஓரம் கிழிந்திருந்தது. அவிழ்த்தாள்.

சட்டைகள் மடித்தபடி இருந்தன. சோப்பு, சீப்பு, துண்டு, ஒரு ஜோடி பழைய செருப்பு. அடியில் அவன் சான்றிதழ்கள். கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினாள். சங்கிலி இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேறொரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. அலமாரியைத் திறந்தாள். காலி. அவனுக்கென்று அவள் ஒதுக்கிக் கொடுத்த தட்டில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. எல்லாம் பையில். கிளம்பத் தயாராகக் கட்டி வைத்திருக்கிறான். எடுக்காதவன் எதற்கு ஓட வேண்டும்?

கீழே தண்ணீர் சத்தம் நின்றது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் திணித்து, பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினாள். இறங்கும்போது, அக்காள் என்ற பெயருக்குத் தகுதியில்லாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கை சும்மா இருந்தால் கண் கலங்கும். எண்ணெய் துடைக்கலாம் என்று பக்கத்துக் கூடையில் கைவிட்டு ஒரு துணியை எடுத்தாள். துணி அல்ல, முடிச்சு.

சோபாக் கைகளின் மூலையில் ஸ்பான்ஜ் மட்டும் வைத்தால் கொஞ்ச நாளில் அமுங்கிப் போகும். அதனால் பழைய உறையைக் கிழித்து, இறுக்கி உருட்டி, மூலைக்கு ஒரு முடிச்சு உள்ளே வைப்பது மாஸ்டரின் தொழில் ரகசியம். கட்டிக் கொடுப்பது ஊசி. இரண்டு கைக்கும் சேர்த்து நான்கு மூலை, நான்கு முடிச்சு. மாஸ்டர் ஒரு கையால் உறையை இழுத்துப் பிடித்தபடி, இன்னொரு கையால் முடிச்சைப் பார்க்காமலேயே உள்ளே அமுக்கி, மேலே ஸ்பான்ஜ் வைத்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவார்.

நான்கும் உள்ளே போயிருந்தால் இது எப்படி மிச்சம்?

ஒன்று அதிகமாகக் கட்டிவிட்டேனோ என்று ஒரு நொடி யோசித்தாள். இல்லை. துணியைக் கிழிப்பதற்கு முன்பே நான்காக மடிக்கிறவள் அவள். ஐந்தாவது வர வழியே இல்லை. அப்படியானால் நாலாவது மூலையில் வேறு ஏதோ ஒரு முடிச்சு இருக்கிறது. அதே பழைய உறைத் துணியில் கட்டியது. ஆணியில் மாட்டிய முடிச்சும் வலது கைச்சட்டத்தின் உள்பக்கம், மாஸ்டரின் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க" என்று எழுந்தாள். "சோபாவோட வலது கையைப் பிரிக்கணும்."

மாஸ்டருக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆயிற்று. "டாக்டர் வர்ற நேரம்! முடிஞ்ச வேலையைப் பிரிக்கிறதா? உன் தம்பியைக் காப்பாத்த இப்ப சோபாவைக் கிழிக்கப் போறியா?"

"நீங்க பிரிக்கிறீங்களா, நான் பிரிக்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டை உளியை எடுத்து, சோபாவைப் பக்கவாட்டில் சாய்த்து, ஸ்டேப்பிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். வக்கீலம்மா எழுந்து வந்து குனிந்தாள். வாளியோடு உள்ளே வந்த குருவி அப்படியே நின்றுவிட்டான்.

உறை விலகியது. ஸ்பான்ஜை ஒதுக்கினாள். முன் மூலையில் இருந்தது அவள் முடிச்சு. பின் மூலைக்குக் கையை நீட்டினாள். வெளியே வந்தது கொஞ்சம் தளர்ந்த, காது விட்டுக் கட்டிய முடிச்சு. ஆணியில் மாட்டுவதற்காகவே விட்ட காது. அவள் அதை மாஸ்டரிடம் நீட்டினாள்.

அவரே அவிழ்த்தார். பேனா, ஹேர்பின், கடைவாய்ப் பல். நடுவில் நீல நூல் கட்டிய சங்கிலி.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான்..." என்றார். "நான்தான் பார்க்காம உள்ளே அமுக்கியிருக்கேன்."

"அதை என்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் ஊசி.

அவர் குருவிப் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். "மாப்ளே" என்றார். அதற்கு மேல் வரவில்லை. வரவேண்டியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். ஆண்களில் பலருக்கு அப்படி ஒரு நினைப்பு உண்டு.

குருவி ஸ்டேப்ளரை எடுத்து நீட்டினான். "மூடிடலாம் மாமா. டாக்டர் வந்துடுவாரு."

மூடி முடிக்கவும் டாக்டர் வரவும் சரியாக இருந்தது. எப்போதும் சிரிக்கிற மனிதர், தொழிலுக்கு அதுவே விளம்பரம். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

"என்னோடது இல்லையே. பேஷண்ட் யாரோட கையிலேர்ந்தோ நழுவியிருக்கும். ஆனா ஒண்ணு புரியல. சோபா இங்க இருக்கிறதை நான் யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு எப்படி ஒருத்தர் போன் பண்ணினாரு?"

எல்லோரும் மறுபடி குருவியைப் பார்த்தார்கள். பார்த்துப் பழகிவிட்டது.

"நான் சொன்னேன்" என்றான் அவன். "நேத்து சாயங்காலம் நடந்தேன்னு சொன்னேன்ல, கிளினிக் வரைக்கும்தான் நடந்தேன். நீங்க போனை எடுக்கல, அதனால நேர்ல பார்த்துச் சொல்லிடலாம்னு. பூட்டியிருந்துச்சு. வெளியில பெயிண்ட் அடிக்கிறவங்ககிட்ட, டாக்டர் வந்தா பட்டறைக்குப் பேசச் சொல்லுங்க, சோபாவுல ஒரு பொருள் கிடைச்சிருக்குன்னு சொல்லி நம்பர் கொடுத்துட்டு வந்தேன்."

"இதைக் காலையிலயே சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் வக்கீலம்மா.

"கேட்ட விதம் சொல்ற மாதிரி இல்லைங்க."

பொருளை உடையவரிடம் சேர்க்க ஓரடியாவது எடுத்து வைத்தவன் இவன் ஒருவன்தான் என்பது ஒவ்வொருவருக்காகப் புரிய நேரம் பிடித்தது. மறுபடியும் போன் அடித்தது. அதே கரகரப்பு.

"நான் தொலைச்சது பர்ஸு" என்றது குரல், இந்த முறை தைரியமாக.

"பர்ஸ் கிடைக்கல" என்றாள் ஊசி. "ஒரு கடைவாய்ப் பல்லு கிடைச்சுது. உங்களோடதா பாருங்க." போனை வைத்தாள்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வக்கீலம்மா சிரிக்காமல் வேலையைப் பார்த்தாள். கிளினிக்கில் ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும், ஒரு நகை கிடைத்தது என்று மட்டும். என்ன நகை, என்ன நூல் என்று யாரும் மூச்சு விடக்கூடாது, அடையாளத்தைச் சொல்கிறவர் சொல்லட்டும். நாளைக் காலையில் டாக்டரும் மாஸ்டரும் சேர்ந்து போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். அதுவரை சங்கிலி மாஸ்டரின் டிராயரில். பூட்டு இப்போதுதான் அந்த டிராயருக்குத் தேவைப்பட்டது.

"மாப்ளே, நீயே வேன்ல போய் இறக்கிட்டு வந்துடு" என்றார் மாஸ்டர், சோபாவை வேனில் ஏற்றியதும், வழக்கத்தைவிட உரக்க.

"மாடிக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று குருவி வெளிப்படியில் ஏறினான். திரும்பி வர நேரமானது. வேனின் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளே வந்தான், நேராக ஊசியின் மிஷினுக்கு.

"தப்பா எடுத்துக்காதே" என்று அவளே ஆரம்பித்தாள். "மாமா மனசுல ஒண்ணுமில்ல. அவருக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். நான் ஒரு நாளும் உன்னை..."

குருவி உள்ளங்கையை விரித்தான். நூல் கோத்த ஊசி ஒன்று இருந்தது.

அவள் கை தானாகத் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. குனிந்து வேலை பார்க்கும்போது கன்னத்தில் குத்தாமலிருக்க, தோளிலிருந்து ஊசியை எடுத்துக் கிட்டத்தில் இருக்கிற துணியில் குத்திவைப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. பையைத் துழாவும்போது எங்கே குத்தினாள் என்று இப்போது நினைவு வந்தது.

"ஜிப் ஓரத்துல இருந்துச்சு" என்றான். "வேலைக்கு வேணுமில்ல, அதான் கொண்டு வந்தேன்."

"டேய்..."

"மாமா தேடியிருந்தா எனக்கு ஒண்ணுமே இல்லக்கா. அவரு பொறுப்பேத்துக்கல." மிஷின் மேல் ஊசியை வைத்தான், உருண்டு விழாதபடி துணி மேலாக. "அந்தப் பையை நான் வந்ததிலிருந்து பிரிச்சதே இல்ல. எப்பக் கிளம்பச் சொல்வாங்களோன்னு இருந்தேன். போன வாரம்தான், சரி, அலமாரியில எடுத்து வைக்கலாம்னு நினைச்சேன்."

அவள் எழுவதற்குள் போய்விட்டான். வேன் கிளம்பி, தெருமுனையில் திரும்புகிற சத்தம் வந்தது.

ஊசி மாடிக்கு ஓடினாள். சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் விரிப்பு சீராக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கதவை மெல்ல இழுத்து அதன் பின்புறத்தைப் பார்த்தாள். கொக்கி காலி.